வலக்கைக் கிற்றாரைத் திருப்பிக் கட்டினால் போதுமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து 24 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் வேலை பார்க்கும் அவர், தமது பங்கின் பாடகர் குழுவில் இரவல் கிற்றார் ஒன்றை வைத்து எட்டு மாதங்களாகப் பழகிவருகிறார். பிறப்பிலேயே இடக்கைக்காரர். முதலாம் வகுப்பில் பென்சிலை வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள் என்பதால் எழுதுவது மட்டும் வலக்கையால் நடக்கிறது. கத்தி பிடிப்பது, பந்து எறிவது, ஆணி அடிப்பது, வலை பொத்துவது எல்லாம் இடக்கையால்தான். இரவல் கிற்றாரை மற்றவர்கள் பிடிப்பதுபோலவே பிடித்துப் பழகியதில் கோர்ட்ஸ் (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் சுரக்கூட்டுகள்) ஓரளவு கைவந்துவிட்டது, தாளம் மட்டும் இன்னும் தடுமாறுகிறது என்கிறார். ஒருநாள் விளையாட்டாகக் கிற்றாரைத் திருப்பிப் பிடித்து இடக்கையால் தட்டிப் பார்த்தபோது, அதே தாளம் பிசகாமல் ஓடியதாம்.

சீட்டு எடுத்த காசில் அவரிடம் 75,000 ரூபாய் இருக்கிறது. ஒலிபெருக்கியில் நேரே இணைக்கக்கூடிய எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் கிற்றார் ஒன்றை, ஓகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்கு முன்பாக வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. வலக்கைக் கிற்றாரிலேயே தொடர்ந்து பழகுவது ஒன்று. வவுனியாக் கடைக்காரர் ஒருவர் 48,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லும் வலக்கை எலெக்ட்ரோ அக்கூஸ்டிக்கை, கம்பிகளை இடம் மாற்றிக் கட்டி வாங்குவது மற்றொன்று. பேஸ்புக்கில் 60,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்யப்பட்டுள்ள பழைய இடக்கைக் கிற்றாரை எடுப்பது மூன்றாவது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி அனுப்பச் செய்வது கடைசி வழி. இடக்கையால் திருப்பலியில் வாசிப்பது முறையல்ல என்று பெரியம்மா மனம் வருந்துவதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். வன்னியில் கிற்றார் கற்பித்தும் பழுதுபார்த்தும் வருகிறவன் என்ற முறையில் அவருக்கு என் பதில் இது.

தம்பி, உங்கள் கடிதத்தில் விலையைப் பற்றிய கேள்விகளே அதிகம். அவற்றுக்கு விடை சொல்லுமுன் எந்தக் கையால் வாசிப்பது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது தீராமல் வாங்குகிற கிற்றார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடுத்த வருடமே விற்பனைக்கு வந்துவிடும்.

எந்தக் கை?

"எழுத்தையே வலக்கைக்கு மாற்றிக்கொண்ட எனக்குக் கிற்றாரை மாற்றிக்கொள்வது பெரிய காரியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளவில்லை, பெரியவர்கள் மாற்றிவிட்டார்கள். அதுவும் கை எதற்கும் வளைந்துகொடுக்கும் ஐந்து வயதில், நாள் தவறாமல் வருடக்கணக்காக எழுதவைத்து மாற்றினார்கள். அத்தனை பயிற்சிக்குப் பிறகும் கத்தியும் ஆணியும் இடக்கைக்கே திரும்பிவிட்டன என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஆகவே இந்த வழக்கில் எழுதும் கையைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

கிற்றாரில் இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் யாரும் எப்படியும் பழகலாம் என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற ரொக் குழுவின் மார்க் நொப்ளர், பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த கேரி மூர் ஆகிய இருவரும் இடக்கைக்காரர்களாக இருந்துகொண்டே வலக்கைக் கிற்றாரில் பெயர் பெற்றவர்கள். இன்னும் தொடங்காத ஒருவர் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்துவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால், வலக்கைக் கிற்றாரையே எடுக்கச் சொல்வேன். கடையில் தொங்குவது அது, இரவல் கிடைப்பது அது, பிறகு விற்பதற்கும் எளிது.

உங்கள் நிலை வேறு. தொடக்கத்தில் கோர்ட்ஸ் பிடிக்கும் விரல்கள் வலிப்பதும், ஒரு கோர்ட்டிலிருந்து மற்றதற்கு மாறுவதற்குள் பாட்டு ஓடிவிடுவதும் எல்லாருக்கும் நேர்பவை. அவற்றை வைத்து, கை பிழைத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் எட்டு மாதம் கழிந்தும் தாளம் போடும் கை யோசித்து யோசித்தே இறங்குகிறது, மறுகைக்கு மாற்றியதும் யோசனையில்லாமல் ஓடுகிறது என்றால், பாட்டை நடத்திச் செல்லும் கை எது என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்னும் உறுதி வேண்டுமானால், பாட்டொன்றைக் கேட்டபடி மேசையில் தாளம் தட்டிப் பாருங்கள். அழுத்தமான அடி எந்தக் கையிலிருந்து விழுகிறது என்று கவனியுங்கள். அதுவும் இடக்கையாக இருந்தால் இடக்கைக் கிற்றாருக்கே போங்கள்.

எட்டு மாத உழைப்பு வீணாகும் என்று அஞ்சவேண்டியதில்லை. கோர்ட்ஸின் பெயர்கள், எந்த விரல் எந்தக் கம்பியில் எத்தனையாவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில்) இருக்க வேண்டும் என்ற கணக்கு, பாட்டுகளின் ஒழுங்கு, பழகிய காது ஆகிய எதுவும் மாறப்போவதில்லை. இடக்கைக் கிற்றாருக்குத் தனியான கோர்ட்ஸ் உண்டு என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. புத்தகத்தில் உள்ள படத்தை இடம்வலம் மாற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் குழுவின் கிற்றார்காரருக்கு எதிரே அமர்ந்து பழகினால், கண்ணாடியில் உங்கள் கையையே பார்ப்பதுபோல அவருடைய கை தெரியும். வலக்கை மாணவருக்கு இந்த வசதி இல்லை. பெரியம்மாவின் மனவருத்தத்தைப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துவிடுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொல்வது எடுபடும்.

கடைக்காரர் சொன்ன வழி

கம்பிகளை இடம் மாற்றிக் கட்டினால் வலக்கைக் கிற்றார் இடக்கைக் கிற்றார் ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னது பொய் சொல்லும் நோக்கத்தில் அல்ல என்றே நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், இடக்கைக் கிற்றார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் செய்யவில்லையா என்று உதாரணமும் காட்டுகிறார்கள். ஹென்ட்ரிக்ஸ் செய்தார் என்பது உண்மை. ஆனால் அவர் திருப்பிப் பிடித்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிற்றார். அதன் பிரிட்ஜில், அதாவது உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பகுதியில், ஒவ்வொரு கம்பிக்கும் சடில் என்ற தனித்தனித் தாங்கி உண்டு. திருகாணியை முடுக்கி ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதியைச் சரிசெய்துகொள்ளலாம். அக்கூஸ்டிக் கிற்றாரில் ஆறு கம்பிக்கும் சேர்த்து ஒரே சடில், அசையாத ஒரு பள்ளத்தில் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சாய்வில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. தடித்த கம்பியை அழுத்தும்போது அதன் சுருதி மெல்லிய கம்பியைவிட அதிகமாக ஏறுகிறது என்பதால், தடித்த கம்பியின் நீளம் சில மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கும்படி சடிலைச் சரித்து வைக்கிறார்கள். கம்பிகளை இடம் மாற்றினால் தடித்த கம்பி குறுகிய பக்கத்துக்கும் மெல்லிய கம்பி நீண்ட பக்கத்துக்கும் போய்விடும். முதல் இரண்டு மூன்று பிரெட்டுக்குள் வாசிக்கும்வரை அது அவ்வளவாகத் தெரியாது. மேலே போகப் போகத் தடித்த கம்பிகள் ஏறியும் மெல்லியவை இறங்கியும் ஒலிக்கும். பாடகர்களின் குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்தக் கழுத்தில் கப்போ என்ற கவ்வியை மாட்டி வாசிக்கும் உங்களைப் போன்றவருக்கு இது முதல் ஞாயிறே தெரிந்துவிடும், நீங்கள் உங்கள் காதைக் குறை சொல்லிக்கொள்வீர்கள்.

கழுத்தின் தலைப்பக்க நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலும் இதே கதைதான். சாதாரணக் கம்பிக்கட்டில் மிக மெல்லிய கம்பி 0.3 மில்லிமீற்றரும் மிகத் தடித்தது 1.35 மில்லிமீற்றரும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து நட்டில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். இடம் மாற்றினால் தடித்தது பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே நிற்கும், மெல்லியது அகன்ற பள்ளத்தில் ஆடி இரையும். நட்டை மாற்றுவது சிறிய வேலை, நானும் என் போன்றவர்களும் அடிக்கடி செய்வது. சடிலின் பள்ளத்தை அடைத்து எதிர்ச்சாய்வில் மறுபடி வெட்டுவது அப்படியல்ல. எலெக்ட்ரோ அக்கூஸ்டிக்கில் அந்தப் பள்ளத்தின் அடியிலேயே, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும் பியெஸோ பிக்கப் பட்டையும், அதன் வயர் இறங்கும் துளையும் இருப்பதால் வேலை இரட்டிப்பாகிறது. ஆகவே திருப்பிக் கட்டுவதற்கு மிகப் பொருத்தமில்லாத கிற்றார் எதுவோ அதைத்தான் உங்களுக்குத் தரப் பார்க்கிறார்கள்.

மற்றவை கண்ணுக்கே தெரியும். மேல் பிரெட்டுகளுக்குக் கை போவதற்காக உடலில் வெட்டிவிட்ட கட்அவே மேற்பக்கம் வந்து பயனற்றுப் போகும். பிக்கப்பின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் உள்ள பிரீஅம்ப் பெட்டி கீழ்ப்பக்கம் போய்த் தொடையில் உரசும். கழுத்தின் ஓரத்தில் இடம் காட்டும் புள்ளிகள் உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். முகப்புப் பலகையின் உள்ளே ஒட்டப்பட்ட சட்டங்கள் வலக்கைக்கென்று சரித்து வைக்கப்பட்டிருப்பதால் ஒலி கெட்டுவிடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். இந்த விலையில் உள்ள கிற்றார்களில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கம்பியை மாற்றாமலே தலைகீழாகப் பிடித்து வாசித்த மேதைகளும் உண்டு. அமெரிக்காவின் எலிசபெத் கொட்டன் பாஸ் கம்பிகளை விரல்களாலும் மெல்லிசையைப் பெருவிரலாலும் வாசித்துத் தமக்கென்று ஒரு பாணியையே உண்டாக்கினார். ஆனால் அது தனியாக இருந்து, தானாகவே கண்டெடுத்த வழி. குழுவில் மற்றவர்களைப் பார்த்துப் பழகவேண்டிய உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். 48,000 ரூபாய்க் கிற்றாரை மரியாதையாக மறுத்துவிடுங்கள். உண்மையிலேயே கையில் காசு குறைந்தவருக்கு ஒரு மாற்று இருக்கிறது. நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் கிற்றாரின் சடில் பெரும்பாலும் சாய்வில்லாமல் நேராக இருக்கும், கட்அவே இல்லாத உடல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், ஆகவே நட்டை மாற்றினால் ஏறக்குறைய முழு இடக்கைக் கிற்றாராகிவிடும். கழுத்து அகலமானது, ஒலி மென்மையானது, பாடகர் குழுவின் வேகமான தாளத்துக்கு எடுபடாது என்பதால் உங்களுக்கு இது இரண்டாம்பட்சம்தான்.

பிக்கப் பிறகு வரட்டும்

இனி நான் சொல்லப்போவது உங்கள் விருப்பத்துக்குச் சற்று எதிரானது. 75,000 ரூபாயை இடக்கை எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் ஒன்றிலேயே முழுவதுமாகக் கொட்ட வேண்டாம். பிக்கப் இல்லாத நல்ல இடக்கை அக்கூஸ்டிக் ஒன்றை இப்போது எடுங்கள், பிக்கப்பை அடுத்த சீட்டில் பார்க்கலாம். இடக்கை, எலெக்ட்ரோ என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாக வைத்துத் தேடும்போது கிடைக்கும் மொடல்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. விலை குறைந்தவற்றில் நான்கு குமிழும் சுருதி காட்டும் டியூனர் வெளிச்சமும் வைத்துக் கண்ணைக் கவர்ந்துவிட்டு, கழுத்திலும் பிரெட்டிலும் மிச்சம் பிடிப்பவை பல. பியெஸோ பட்டையும் சிறிய பிரீஅம்பும் பின்னர் சேர்க்கக்கூடியவை. வளைந்த கழுத்தைப் பின்னர் நேராக்குவது எல்லா வேளையிலும் கைகூடாது. மின்சாரத்தில் இணைத்துவிட்டால் மரமும் கழுத்தும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. கம்பி இரைந்தால் அந்த இரைச்சலும் சேர்ந்துதான் ஒலிபெருக்கியில் வரும், தம்பி.

பெயர் சொல்ல வேண்டுமானால், யமஹா எஃப்ஜி820எல் பிக்கப் இல்லாத இடக்கை அக்கூஸ்டிக். இபனெஸ் ஏடபிள்யூ54எல்சிஇ, தகமினே ஜிடி30சிஇ எல்எச் இரண்டும் கட்அவேயும் பிக்கப்பும் கொண்ட இடக்கைக் கிற்றார்கள். மொடல் எண்ணில் இருக்கும் எல் அல்லது எல்எச் என்ற எழுத்தைக் கவனியுங்கள், அது இல்லாவிட்டால் அதே பெயரில் வலக்கைக் கிற்றார்தான் வந்திறங்கும். இவை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். 2022இல் ரூபாய் வீழ்ந்த பிறகு இறக்குமதிச் சாமான்களுக்குப் பழைய விலையை நம்பிப் பயனில்லை. ஆகவே முற்பணம் கொடுக்கும் அன்றைய விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரோ வகை ஒன்று உண்மையாகவே 65,000 ரூபாய்க்குள் கிடைத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். எதை வாங்கினாலும் 10,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். பை, டியூனர், மாற்றுக் கம்பிக்கட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நல்ல செட்டப், இவற்றுக்கு அது வேண்டும். 12ஆவது பிரெட்டின் மேல் தடித்த கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும் மெல்லிய கம்பி 2 மில்லிமீற்றரும் உயர்ந்திருக்கும்படி அமைத்துவிட்டால், விலை குறைந்த கிற்றார்கூட விரலுக்கு இதமாகிவிடும்.

முகப்புப் பலகை முழு மரமாக இருக்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். முழு மரம் நன்றாக ஒலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிற்றார் செய்வோர் பொதுவாகப் பரிந்துரைக்கும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் ஊரிலோ சோழகக் காற்றில் காய்ந்து, மாரியில் ஊறி, தகரக்கூரையின் கீழ் வெந்துபோகிறது மரம். காய்ந்தால் பலகை சுருங்கி வெடிக்கலாம், பிரெட்டின் நுனிகள் கழுத்துக்கு வெளியே துருத்தும். ஊறினால் பலகை உப்பிக் கம்பிகள் உயரும். ஒட்டுப்பலகை இதையெல்லாம் கூடுதலாகத் தாங்கும். பைக்குள் வைத்து, கூரைக்கு அருகில் இல்லாமல், வெயில் படாத சுவரோரம் நிறுத்துவீர்களானால் முழு மரத்தை எடுங்கள். கிற்றார் பாதி நாள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் போகும் என்றால் ஒட்டுப்பலகை போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடற்கரை உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பேஸ்புக் கிற்றாரும் மச்சானின் கிற்றாரும்

பேஸ்புக் விளம்பரத்தின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், கிற்றாரின் தலையில் உள்ள கொம்பனிப் பெயர் இடம்வலம் மாறி, கண்ணாடியில் தெரியும் எழுத்தாகத் தெரிகிறது. தொலைபேசியின் முன்பக்கக் கமராவில் எடுத்த படம் சிலவேளைகளில் இப்படித் திரும்பிவிடும், அப்போது வலக்கைக் கிற்றாரும் இடக்கைக் கிற்றாராகக் காட்சி தரும். விற்பவர் அறிந்தே செய்தாரா என்பது எனக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. பின்பக்கக் கமராவில், தலை மேலேயும் உடல் கீழேயுமாக நேரே நிறுத்தி ஒரு படம் கேளுங்கள். உண்மையான இடக்கைக் கிற்றாரில் தடித்த கம்பியும் பிரீஅம்ப் பெட்டியும் பார்ப்பவரின் வலப்பக்கம் இருக்கும், கட்அவே இடப்பக்கம் இருக்கும், சடிலின் இடப்பக்க நுனி ஒலித்துளைக்குச் சற்று நெருங்கியும் வலப்பக்க நுனி தள்ளியும் இருக்கும். தடித்த கம்பி வலப்பக்கம் இருந்தும் சடில் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் அது யாரோ திருப்பிக் கட்டிய வலக்கைக் கிற்றார்.

அது தப்பாமல் இடக்கைக் கிற்றார்தான் என்றால், நேரில் பார்க்காமல் காசு அனுப்ப வேண்டாம். பிரிட்ஜின் பின்பக்க விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. பற்றரிப் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியிலும் 12ஆவது பிரெட்டின் மேல் மெல்லத் தொட்டு எழுப்பும் மணியொலியையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இடக்கைப் பழைய கிற்றாரை வாங்க ஆள் குறைவு என்பதால் விலை பேசுவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நாளை நீங்கள் விற்கப்போகும்போது இதே குறை உங்களையும் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடையில் வாங்குவதில் ஒரு பாதுகாப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அதில் வெறுமனே "கிற்றார்" என்று எழுதினால் பயனில்லை. "இடக்கைக் கிற்றார்" என்றும் மொடல் எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதுவியுங்கள். பிறகு வலக்கைக் கிற்றார் வந்து, கடைக்காரர் கம்பியை மாற்றித் தருகிறேன் என்று சொன்னால், அந்தச் சீட்டுத்தான் உங்கள் வாதம். முறைப்பாட்டை வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் அதிகார சபைக்குக் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் வழி கேட்கலாம். பேஸ்புக்கில் தமது பழைய கிற்றாரை விற்கும் தனியாளிடம் இந்த வழி செல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மச்சானைப் பொறுத்தவரை, கனடாவில் இடக்கைக் கிற்றார்கள் தேடிப் பிடிக்க முடியாதவை அல்ல. கியூபெக்கில் தயாராகும் சீகல் எஸ்6 போன்றவை இடக்கை வகையிலும் வருகின்றன, பழையதாகவும் கிடைக்கும். அவர் ஊருக்கு வரும்போது கையோடு, கட்டியான பெட்டியில், கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக் கொண்டுவருவாரானால் நல்ல வழி அது. பார்சலில் அனுப்புவதை நான் விரும்புவதில்லை. சுங்கத்தில் என்ன கட்ட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்ற வழக்கு உறவுக்குள் வந்துவிடும், வந்த கிற்றார் உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியாது. அவர் எப்போது வருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வருடத்துக்குள் என்றால் 75,000 ரூபாயையும் வைத்துக்கொண்டு காத்திருப்பதுகூடப் பிழையில்லை.

கோயிலிலும் கொட்டகையிலும் மின்சாரம்

பிக்கப் வாங்கும் நாள் வரும்போது, ஒலித்துளையில் கவ்விப் பிடிக்கும் காந்த வகையை முதலில் பாருங்கள். துளையிட வேண்டியதில்லை, கிற்றாரை விற்றால் கழற்றி வைத்துக்கொள்ளலாம், பியெஸோவைவிட ஒலிபெருக்கி கூவுவதும் குறைவு. இடக்கைக்கென்று தனியாகத் தேடவும் வேண்டாம். தலைமாற்றிப் பொருத்தினால் போதும். இரும்புக் கம்பியில் மட்டுமே அது வேலை செய்யும் என்பதால் நைலோன் கிற்றாருக்கு உதவாது. பலகையில் ஒட்டும் மலிவு வகைகள் கை படும் ஓசையையெல்லாம் பிடித்துத் தருபவை, வேண்டாம்.

பிரீஅம்ப் உள்ள கிற்றார் என்றால் பிளக்கைச் செருகிய கணமே 9 வோல்ட் பற்றரி வேலை செய்யத் தொடங்கிவிடும். இரவு முழுக்கச் செருகி வைத்துவிட்டுக் காலைத் திருப்பலியில் ஒலி கரகரக்கிறது என்று பிக்கப்பைத் திருத்தக் கொண்டுவருவோர் நிறையப் பேர். வாசித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் நீண்ட வயரை இழுக்காமல், ஒலிபெருக்கிக்காரரிடம் டிஐ பெட்டி (கிற்றாரின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சிறு பெட்டி) இருக்கிறதா என்று கேளுங்கள்; நீண்ட வயர் இரைச்சலைக் கூட்டும், பியெஸோவின் ஒலியையும் மெலியவைக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜெனரேட்டரில் ஓடும் கொட்டகைகளில் நிலத்தொடுப்பு சரியாக இருப்பது அரிது. கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது, இரண்டும் வெவ்வேறு கருவியில் இணைந்திருந்து அவற்றில் ஒன்று பழுதாக இருந்தால் உங்கள் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். 1972இல் ஸ்கொட்லாந்தின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் மைக்கைத் தொட்டபோது இப்படித்தான் இறந்தார். மைக்கில் கை பட்டு ஒரு சிறு விறுவிறுப்புத் தெரிந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிடுங்கள். வெறுங்காலுடன் ஈர நிலத்தில் நின்று வாசிக்கவே வேண்டாம்.

மடுத் திருவிழாவுக்கு முன் என்று நீங்கள் போட்ட கெடுவைத் தளர்த்திக்கொள்ளுங்கள். கெடு வைத்து வாங்குகிறவருக்குக் கடைக்காரர் தம்மிடம் இருப்பதைத்தான் தருவார். இந்த ஓகஸ்டில் இரவல் கிற்றாரையே, நீங்கள் இதுவரை பழகியபடியே, எளிய பாட்டுகளுக்கு மட்டும் வாசியுங்கள். உரியவரைக் கேட்காமல் அதன் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டாம். பிக்கப் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். பாடகர்களுக்கு வைக்கும் மைக்கில் ஒன்றைத் தாழ்த்தி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண் தூரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் பாஸ் மட்டும் முழங்கி, கொஞ்சம் ஒலியைக் கூட்டியதும் கூவத் தொடங்கிவிடும்.